மூடுபனிக்கு நடுவே காயும் ஆமை

கண்டியை ஒட்டிய ஹந்தானை மலையில் மே மாத மழை பிடித்துக்கொண்டால் வீட்டுச் சுவர் வியர்க்கும். அலுமாரிக்குள் கிடக்கும் தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்துவிடும். உப்புப் போத்தலைத் திறந்தால் உள்ளே கூழ். காலையில் மலையுச்சி தெரியாது, சில நாட்களில் மத்தியானமும் தெரியாது. இப்படியொரு ஊரில், வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் தரையாமை ஈரம் போதாமல் காய்கிறது என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். நியாயமான சிரிப்புத்தான். ஆனால் ஊர்வன பராமரிப்புத் தொழிலில் மூன்று பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருவது அதைத்தான். மலைநாட்டுப் பெட்டிகளில் வளர்ந்த ஆமையின் ஓடு கூம்புகூம்பாக எழும்பி நிற்கிறது. கண்கள் குழிந்திருக்கின்றன. கழிவோடு வரும் வெள்ளை, விரலில் எடுத்துத் தேய்த்தால் மணலாக நறநறக்கிறது. தண்ணீர் போதாத உடம்பு காட்டும் அடையாளங்கள் இவை. வெளியே மூடுபனி, உள்ளே வறட்சி. இது எப்படி நடக்கிறது என்று விளங்கிவிட்டால் பெட்டியைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. விளங்காதவரை என்ன கருவி வாங்கி வைத்தாலும் ஆமை காய்ந்துகொண்டே இருக்கும்.

எந்த ஆமை, ஏன் வீட்டுக்குள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் இயற்கையாக வாழும் தரையாமை ஒன்றே ஒன்றுதான், நட்சத்திர ஆமை. தமிழ்நாட்டில் கட்டாமை என்பார்கள், சிங்களத்தில் மேவர இப்பா. குளத்திலும் கிணற்றிலும் கிடக்கிற பாலாமையும் காராமையும் வேறு. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் செங்காது ஆமையும் வேறு. அவை நீரில் வாழ்பவை, அவற்றுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, இந்தியாவும் இலங்கையும் உட்பட்ட நாடுகளின் கோரிக்கையை ஏற்று, இதைப் பன்னாட்டு வணிகம் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட முதலாம் பட்டியலுக்கு உயர்த்தியது. அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் இடம் மாறியது. இவ்வளவு இருந்தும் பயணப் பெட்டிகளில் அடுக்கிக் கடத்துகிறவர்கள் ஓயவில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொல்கிற அதே சமூகத்தில், அதிர்ஷ்டம் என்று நம்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. பறிமுதலானவை, காயம்பட்டவை, பயந்துபோய்க் கையளிக்கப்பட்டவை என்று எப்போதும் சில ஆமைகள் மனிதரின் பராமரிப்பில் இருந்தே ஆகவேண்டியிருக்கிறது. மலையடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் இருப்பதால் தூர மாவட்டத்து விலங்குகள் இந்தப் பக்கம் ஏறி வருவதும் புதிதல்ல. வந்தபின் ஹந்தானை இரவின் குளிருக்கும், கீரிக்கும், தெரு நாய்க்கும் பயந்து அவற்றை உள்ளேதான் வைக்க முடியும்.

குழப்பம் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. வில்பத்து, யால, புந்தல, மன்னார் என்று இந்த ஆமை வாழும் இடங்கள் எல்லாம் வறண்ட வலயம். ‘வறண்ட’ என்றதும் மனம் ஏதோ பாலைவனத்துக்குப் போய்விடுகிறது. இலங்கையில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வரைவிலக்கணம், ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவு என்பதுதான். அது மழையைப் பற்றிய பேச்சு, காற்றைப் பற்றியது அல்ல. ஹம்பாந்தோட்டையிலோ மன்னாரிலோ மாதக்கணக்கில் மழையில்லாமல் தரை வெடித்துக் கிடக்கலாம். அப்போதும் கடற்காற்று ஓய்வதில்லை. 28 பாகை வெப்பத்திலும் சாரீரப்பதன் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அந்தக் காற்றில் கன மீற்றருக்கு ஏறக்குறைய 19 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. இப்போது ஹந்தானையின் டிசம்பர் இரவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 18 பாகை, வெளியே பனிமூட்டம், ஈரமானி 90 சதவீதம் காட்டுகிறது. இந்தக் காற்றில் இருப்பது கன மீற்றருக்கு 14 கிராமுக்கும் சற்றுக் குறைவு. வறண்டது என்று நாம் பெயர் வைத்த நிலத்தின் காற்றில் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்குகூட நம்முடைய மூடுபனியில் இல்லை. ஹந்தானைக் காற்று ஈரமாகத் தெரிவது அதில் தண்ணீர் அதிகம் என்பதால் அல்ல, அது குளிர்ந்திருப்பதால். குளிர்ந்த காற்று கொஞ்சம் தண்ணீரிலேயே நிரம்பிவிடும்.

அந்தக் குளிர்ந்த காற்றைப் பெட்டிக்குள் விட்டு, ஆமைக்கு இதமாக 32 பாகைக்குச் சூடாக்கினால் என்ன ஆகும்? தண்ணீர் அதே 14 கிராம்தான். ஆனால் 32 பாகையில் காற்று கிட்டத்தட்ட 34 கிராம் வரை தாங்கும். மானி 90இலிருந்து 41க்கு விழுந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியேறவில்லை, சூடு ஏறியது மட்டும்தான். மின்குமிழுக்கு நேர் கீழே 35 பாகை என்றால் இன்னும் கீழே, 35 சதவீதம். இதைப் புத்தகத்தில் தேடவேண்டியதில்லை, ஹந்தானைவாசிகளுக்குச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. 1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோர் இன்று நூதனசாலையாக மலையில் நிற்கிறது. அதன் மேல்மாடிகளில் நடந்த வேலையே இதுதான். மழைநாளில் பறித்த கொழுந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேரும். வெளிக்காற்று நிரம்பிக் கிடக்கிறது, அதை அப்படியே விசிறினால் கொழுந்து வாடாது. அடுப்பின் சூட்டை அதே காற்றில் கலந்துவிட்டால், எண்பது சதவீதத்துக்கு நெருங்கிய கொழுந்தின் ஈரம் விடிவதற்குள் ஐம்பத்தைந்துக்கு இறங்கிவிடும். மழை கொட்டும் ஊரில், மழைக்காற்றைக் கொண்டே இலையை வாட்டும் வித்தை அது. டீமேக்கர் தெரிந்துதான் செய்தார். பெட்டிக்குள் அறுபது வோட் குமிழைத் தொங்கவிட்டு மேலே கம்பிவலை போடுகிறவர் தெரியாமல் அதே வேலையைச் செய்கிறார். கொழுந்து இருந்த இடத்தில் ஆமை.

இதற்கு வரும் முதல் மறுப்பு பழையது, மரியாதைக்குரியதும்கூட. ஓடு கூம்புவதற்குக் காரணம் சாப்பாடு, அளவுக்கு மீறிய புரதம் என்பது அது. ஒரு தலைமுறை முழுக்க எங்கள் தொழிலில் அதுதான் வேதம். கூம்பிய ஓட்டைப் பார்த்ததும் “என்ன கொடுத்தீர்கள்?” என்றுதான் கேட்போம். பருப்பு, கடலை, நாய்ச் சாப்பாடு என்று ஏதாவது ஒன்று அகப்படும். அதை நிறுத்துவோம். தரை காய்ந்த சரளையாகவும், தலைக்குமேல் குமிழ் இரவு பகலாகவும் அப்படியே இருக்கும். ஓடு தொடர்ந்து கூம்பும். 2003இல் வியன்னாவிலிருந்து வீஸ்னர், ஈபன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தை ஆட்டிவிட்டது. ஆபிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகள் ஐம்பதை ஐந்து மாதம் வளர்த்தார்கள். புரதத்தின் அளவையும் மாற்றினார்கள், காற்றின் ஈரத்தையும் மாற்றினார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு உயரமாகக் கூம்பியது. 45க்கும் 99க்கும் இடைப்பட்ட ஈரத்தில் வளர்ந்தவை ஏறக்குறைய வழவழப்பாகவே வந்தன. புரதத்தால் நேர்ந்த வித்தியாசம் சொற்பம். அது வேறு இனமாயிற்றே, ஐந்து மாதம் போதுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சல்கேட்டா சகாராவின் தெற்கு விளிம்பில் வாழ்வது, நம்முடைய ஆமையைவிடப் பலமடங்கு வறட்சிக்குப் பழகியது. அதற்கே ஈரமில்லாமல் ஓடு கெடுகிறதென்றால் கடற்காற்றில் வளரும் ஆமைக்குக் கெடாதா? ஐந்து மாதம் என்பதும், குஞ்சு வேகமாக வளரும் பருவத்து ஐந்து மாதம். ஓட்டின் வடிவம் அமைவது அப்போதுதான். வளர்ந்த ஆமையில் ஏற்கெனவே எழும்பிய கூம்பு எந்த ஈரத்திலும் திரும்ப இறங்கப் போவதில்லை. புதிதாக வரும் வளையம் தட்டையாக வருகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. நட்சத்திர ஆமைக்குக் கூம்பு இயல்பிலேயே உண்டே, காட்டில் பிடிபட்டவற்றிலும் இருக்கிறதே என்பார்கள். உண்மை. காட்டு ஆமைகள் சிலவற்றில் மேடுகள் தெளிவாகவே தெரியும், அதனால் மேட்டைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்டுவது அவசரம். ஆனால் பெட்டியில் வளர்ந்த ஆமையில் கூம்பு தனியாக வருவதில்லை. சிறுநீர்ப்பையில் கல், மெதுவான சிறுநீரகக் கோளாறு, சாப்பாட்டில் விருப்பமின்மை ஆகியவையும் கூடவே வருகின்றன. தரையாமை தன் கழிவை யூரிக் அமிலமாக, மிகக் குறைந்த தண்ணீரோடு வெளியேற்றும் பிராணி. சிறுநீர்ப்பையையே தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டு, பற்றாக்குறை வரும்போது அதிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஓட்டைவிட அந்த வெள்ளைக் கழிவை நான் அதிகம் நம்புகிறேன். பற்பசை போலக் குழைவாக, ஈரத்தோடு வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியாக வந்தால் இல்லை. ஓடு சொல்வது போன வருடத்துக் கதை, வெள்ளைக் கழிவு சொல்வது போன வாரத்துக் கதை. தேங்காயெண்ணெய் தடவி ஓட்டைப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்கள் இரண்டையுமே மறைத்துவிடுகிறார்கள். எண்ணெய் கண்ணுக்கு ஈரமாகத் தெரியும், அவ்வளவுதான். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

காட்டில் இந்த ஆமை எங்கே தூங்குகிறது என்பது இங்கே முக்கியம். வெயில் ஏறியதும் அது வெளியில் நிற்பதில்லை. புல் கற்றைக்கு அடியிலும் முட்புதருக்குள்ளும் உடம்பைச் செருகிக்கொள்ளும். குஞ்சு இன்னும் ஆழமாக, சருகுக்குக் கீழே மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும். நிலத்தின் மேல் காற்று எப்படி இருந்தாலும் அந்தப் பொந்தின் காற்று செடியின் மூச்சாலும் மண்ணின் ஈரத்தாலும் நிரம்பியது. நடமாட்டம் எல்லாம் காலையிலும் மாலையிலும், அதிகமாக மழைக்காலத்திலும்தான். ஆகவே ஆமைக்கு வேண்டிய ஈரப்பதன் இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொல்லும் எந்தக் கையேட்டையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். பெட்டியின் நடுவில் 60 இருந்தால் என்ன, 70 இருந்தால் என்ன? ஒரு நாளில் பதினாறு மணிநேரம் அது முகத்தைப் புதைத்துக் கிடக்கும் மூலையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த மூலைக்கு இலங்கையில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள் தும்புச்சோறு. விலை மலிவு, தன் எடையைப்போலப் பலமடங்கு தண்ணீரைக் குடிக்கும், மெதுவாகத்தான் விடும். நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் பரப்பி, மேலே ஊற்றாமல் மூலையில் ஒரு குழாயைச் செருகி அடியில் தண்ணீரை இறக்க வேண்டும். அடி ஈரம், மேல் உலர்வு. அதற்கு மேல் பலாச்சருகை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டால் ஆமை தன் பொந்தைத் தானே செய்துகொள்ளும். கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் தும்புச்சோறு உருண்டையாக நிற்கவேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. இந்தப் பக்குவம் கைக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அப்படியானால் காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதாதா? பெரும்பாலானவர்கள் நிற்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் உள்ள ஒரு பெட்டியின் கொள்ளளவு அரைக் கன மீற்றரைக்கூட எட்டாது. 30 பாகையில் அந்தப் பெட்டியின் காற்று முழுக்க நிரம்பினாலும் அதில் அடங்கும் தண்ணீர் சுமார் 14 கிராம். ஒரு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைத்தான் எல்லோரும் நாள்முழுக்கத் தெளித்துத் தெளித்துத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். பற்றாக்குறை தண்ணீரில் இல்லை, ஓட்டையில் இருக்கிறது. மேற்பக்கம் முழுக்கக் கம்பிவலை, உள்ளே குமிழ் என்றால் பெட்டி ஒரு புகைபோக்கி. சூடான ஈரக்காற்று மேலே போய்க்கொண்டே இருக்கும், குளிர்ந்த ஹந்தானைக் காற்று அதன் இடத்துக்கு வந்து சூடாகி உலரும். மணிக்குப் பத்துத் தடவை காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 80 சதவீதத்தைத் தக்கவைக்க நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்குமேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். தெளிப்பானால் ஆகிற காரியமில்லை. அதே பெட்டியின் மேற்புறத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பலகையாலோ தடித்த பொலித்தீனாலோ மூடிவிட்டுக் காற்று மாற்றத்தை மணிக்கு ஒன்றாகக் குறைத்தால், தேவை நூறு கிராம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஈரமான தும்புச்சோறு அதைத் தானாகவே கொடுத்துவிடும். விலை கூடிய புகைமூட்டிக் கருவிகள் வாங்கி வைத்தவர்களின் பெட்டியிலும் முதலில் பார்க்கவேண்டியது மூடியைத்தான். மூடினால் மூச்சு முட்டாதா என்பார்கள். தரையாமையின் மூச்சுத் தேவை மிகச் சொற்பம். மணிக்கு ஒருதரம் மாறும் காற்றில் அதற்கு எந்தக் குறையும் வராது. பூஞ்சணம் பிடிப்பது காற்றில்லாமையால் என்பதைவிட, அழுகிய கோவா இலையையும் எச்சத்தையும் எடுக்காமல் விடுவதால்தான் அதிகம்.

ஆனால் ஒரு மறுப்பை நான் தலைகுனிந்து ஏற்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் ஆமை சாவதைப் பார்த்தவர்கள். ஈரம் வைத்தால் சளி பிடிக்கும் என்பது அது. நட்சத்திர ஆமைக்கு மூச்சுத்தொற்று எளிதில் வரும். நமக்கிருப்பதுபோன்ற உதரவிதானம் ஆமைக்கு இல்லை, இருமிச் சளியைத் தள்ளவும் முடியாது. மூக்கில் ஒரு குமிழி தெரிந்து, பிறகு கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் அதற்குள் காலம் கடந்திருக்கும். இதைப் பார்த்தவர்கள் அடுத்த ஆமையைச் சரளைமேல் வைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சாவுகளின் வெப்பக் குறிப்பைக் கேட்டால் கதை வேறாக இருக்கும். இரவு 18 பாகை, 20 பாகை. ஈரத்தோடு குளிர் சேர்ந்தால் மட்டும்தான் ஈரம் நஞ்சாகிறது. வறண்ட வலயத்தின் மழைக்காலமும் ஈரம்தான், ஆனால் அங்கே இரவும் வெதுவெதுப்பாக இருக்கும். ஹந்தானையில் ஈரமும் சூடும் இணைபிரியாமல் போகவேண்டும். இரவில் 25 பாகைக்குக் கீழே இறங்காமல் வைத்திருக்க வழி இல்லையென்றால் ஈரத்தை ஏற்றாதே என்பதுதான் சரியான விதி. ‘ஈரம் ஆகாது’ என்பது அந்த விதியின் பாதியை மறந்துவிட்ட வடிவம். பழைய இழைக்குமிழ்கள் கடைகளிலிருந்து மறைந்து எல்ஈடி வந்தபோது இந்தப் பாதி மறதி பல பெட்டிகளைக் கெடுத்தது. வெளிச்சம் அதேயளவு, சூடு இல்லை. முன்பு காய்ந்து கிடந்த பெட்டி திடீரெனக் குளிர்ந்து நனைந்த பெட்டியாகிவிட்டது. பின்னர் வந்த பீங்கான் சூடாக்கிகள் நல்லவை. ஆனால் அவற்றை ஆமையின் முதுகுக்கு நேர்மேலே தொங்கவிட்டால் கீழே எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஓட்டின் உச்சி வறுபடும். பெட்டி முழுவதையும் சமமாக வெதுவெதுப்பாக்குவதும், வெயில் காய்வதற்கான சூட்டுவிளக்கைப் பகலில் சில மணிநேரம் மட்டும் எரிப்பதும்தான் நின்று நிலைத்த முறை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் போனபோது இந்த வாதம் முழுவதும் பரீட்சைக்கு வந்தது. வெளியிலிருந்து சாமான் இறக்குமதியும் கட்டுப்பாட்டில் இருந்த காலம். கண்ணாடியும் கம்பிவலையுமான பெட்டி, மின்சாரம் போன ஒரு மணிநேரத்துக்குள் அறையின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். சுற்றிலும் இரண்டு அங்குல ரெஜிபோம் ஒட்டி மேலே மூடியிட்ட மரப்பெட்டி அப்படி இறங்காது. நான்கு அங்குல ஈரத் தும்புச்சோறே ஒரு வெந்நீர்ப் பை மாதிரி. பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே சுடுநீர்ப் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றிச் செருகினால் விடியும்வரை தாங்கும். ஈரத்துக்காக மூடிய மூடிதான் சூட்டையும் காத்தது. இரண்டும் ஒரே ஓட்டை வழியாகத்தான் போகின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அளக்கும் விஷயத்தில் ஒரு முறைப்பாடு சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் வட்டமுகப்பு ஈரமானிகள் பெரும்பாலும் அலங்காரம். ஒரே பெட்டியில் மூன்றை வைத்தால் மூன்று எண் காட்டும். எண்மானிகள் பரவாயில்லை, ஆனால் ஈரத்தில் கிடந்து கிடந்து அவையும் பொய் சொல்லத் தொடங்கும். சோதிக்க உப்புப் போதும். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்துவிடாமல் நனைந்த மணல் பதத்தில் வைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் உள்ளே சரியாக 75 சதவீதம் இருக்கும். அது உப்பின் குணம், ஹந்தானையானாலும் ஹம்பாந்தோட்டையானாலும் மாறாது. மானி 68 காட்டினால் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடலாம். எண்மானி வாங்க முடியாதவருக்குத் தேயிலை ஸ்டோரின் வழி இருக்கிறது, ஈரக்குமிழும் உலர்குமிழும். இரண்டு சாதாரண வெப்பமானி, ஒன்றின் குமிழில் நனைந்த காடாத்துணி, துணியின் வால் ஒரு கிண்ணத் தண்ணீரில். துணி சுற்றியது எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ காற்று அவ்வளவு காய்ந்தது. விசிறியால் சற்று வீசிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். வாட்டும் மாடியில் மூன்று நான்கு பாகை வித்தியாசம் வேண்டும் என்று டீமேக்கர் பார்ப்பார். அரைத்த இலை நிறம் மாறும் அறையில் அது ஒரு பாகையைத் தாண்டக்கூடாது என்று அவரே கவலைப்படுவார். ஆமையின் தூங்கும் மூலை அந்த இரண்டாவது அறையைப்போல இருக்கவேண்டும். விளக்கடி முதலாவதைப்போல இருந்தால் பரவாயில்லை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் விட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்தான் இருக்கிறது. விடுங்கள், நல்லது, குடிக்கும், கழிக்கும். ஆனால் குடித்த தண்ணீரை மூச்சின் வழியாகவும் தோல் வழியாகவும் இருபத்துநான்கு மணிநேரமும் ஒரு காய்ந்த பெட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கும். வாளி நிரம்பாதது குழாயின் குற்றமில்லை.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்த மலை அந்த ஆமையின் ஊர் அல்ல. ஓடு தேறி, மூச்சு சுத்தமாகி, தொற்றில்லை என்று பரிசோதனை சொன்னபின், எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்பது உறுதியானால், வனசீவராசிகள் திணைக்களத்தின் தீர்மானப்படி அது கீழே இறங்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆமையைக் காட்டில் விடுவது, அங்கே இருப்பவற்றுக்குப் புதிய நோயையும் கலப்பையும் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடலாம். அதனால் காத்திருப்பு நீளும், சிலவற்றுக்கு முடிவே இல்லாமல் நீளும். இறங்கும் நாள் வரும்போதும் பெட்டியை மூடித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், அடியில் நனைந்த தும்புச்சோறு, மேலே சருகு. அதிகாலைக் கண்டியின் பனியைப் பார்த்து மூடியைத் திறந்து வைக்கத் தோன்றும், கூடாது. அக்குறணை, மாத்தளை என்று ஒவ்வொரு வளைவிலும் வெப்பம் ஏறும், அதோடு காற்றின் தண்ணீரும் ஏறும். நாலந்தா தாண்டித் தம்புள்ளைப் பக்கம் சமதரை தொடங்கியதும் வண்டியை ஒரு மரநிழலில் நிறுத்தி மூடியைக் கழற்றிவிடலாம். அங்கிருந்து அது வேண்டியதில்லை.